பல்லுக்காரரின் சைக்கிள் வழி மறந்தது

பல்லுக்காரரின் மனைவி சைக்கிள் செயினைப் பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சைக்கிள் தான் போய்வந்த வழிகள் அத்தனையையும் மறந்தது, ஒன்றைத் தவிர. பல்லுக்காரர் என்பது பட்டப்பெயர். பல் செட்டு செய்யும் பட்டறையிலிருந்து, செய்து முடித்த பற்களைப் பஞ்சு வைத்த டப்பாக்களில் அடுக்கி, பல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பட்டறை முதலாளி வெள்ளைப் பேண்ட்டைச் சீருடையாக்கிய நாளிலிருந்து வலது கணுக்காலருகே தினமும் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. துவைத்துத் துவைத்து அலுத்த மனைவி, கறையோடு மல்லுக்கட்டுவதைவிடக் கறை பிறக்கும் இடத்தைப் பார்ப்பதே மேல் என்று செயினிடம் போனாள்.

அந்தச் செயினை அவர் வருஷக்கணக்கில் துடைத்ததில்லை. சோம்பல் காரணமில்லை, வீம்புதான். சைக்கிள் அவருடைய அண்ணன் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். இரும்பில் அழுக்கைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை தன் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, வாசலில் நின்ற தம்பியின் சைக்கிள் செயினில் விரலை இழுத்து, கறுத்த விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "ஒரு செயினைத் துடைக்கத் துப்பில்ல, இவன் குடும்பம் நடத்துறானாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அதன்பிறகு அண்ணன் வாசலை அவர் மிதிக்கவில்லை, செயினையும் துடைக்கவில்லை. துடைத்தால் அண்ணன் பேச்சைக் கேட்டதாகிவிடுமே! அழுக்கின்மேல் அழுக்கேறிச் செயின் அட்டைபோலத் தடித்தது.

அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் குறட்டைவிட்ட நேரத்தில் அவள் சைக்கிளைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, அடியில் ஒரு பேசினை வைத்து, வெந்நீரில் சோப்பையும் சலவை சோடாவையும் கரைத்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். பல்லை நம்பிப் பிழைக்கிற வீட்டில் பழைய பிரஷ்ஷுக்கா பஞ்சம்? முதல் தண்ணீர் தார்போலக் கறுத்து இறங்கியது. அதில் ஆஸ்பத்திரிகளில் வாய் கொப்பளிக்கத் தரும் மருந்தின் வாசனை. இரண்டாம் தண்ணீரில் மீன் மார்க்கெட்டும் மரக்கடையும் மழை பெய்த ரயில்வே கேட்டும் மணந்தன. மூன்றாம் தண்ணீர் தெளிந்து வந்து, தையல் மெஷின் எண்ணெய் வாசனை மட்டும் லேசாக அடித்தது. அது யார் வீட்டு வாசனை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து வெயிலில் காயவிட்டாள். எண்ணெய் விடவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்துக்கு யாராவது எண்ணெய் தடவுவார்களா? அழுக்குத் தண்ணீரை ஊற்றிய இடத்திலிருந்து எறும்புகள் வரிசையாகக் கிளம்பி, தெருமுக்கில் பிரிந்து, பாதி மீன் மார்க்கெட்டுக்கும் பாதி பல் ஆஸ்பத்திரிக்கும் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

திங்கட்கிழமை பல்லுக்காரர் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் ஒடித்தாலும் சைக்கிள் தன்பாட்டுக்கு மூன்று தெரு தாண்டி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றது. நின்றால் நின்றதுதான். உருட்டித் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏறினால் மறுபடியும் அங்கேதான். டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர், மேல்செட்டு வந்து சேராததால் வெறும் ஈறோடு மேடையேறி வாழ்த்துரை சொன்னார். முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. முதலாளி கூப்பிட்டு, "நாளைக்கும் பல்லு லேட்டாச்சுன்னா, நாளன்னைக்கு நீங்க வர வேணாம்" என்றார்.

அன்று சாயங்காலம் புருஷனும் மனைவியுமாகச் சைக்கிளை ரிப்பேர் கடைக்குத் தள்ளிப்போனார்கள். கடைக்காரர் ஓட்டிப் பார்க்கிறேன் என்று டீக்கடைப் பக்கம் கிளம்பி, வெகுநேரம் கழித்து அண்ணன் வீட்டுத் திசையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். "உங்க அண்ணன் நல்லா இருக்காரு. கண்ணாடி மாத்திட்டாரு, இப்ப தடி கண்ணாடி" என்று தகவலும் சொன்னார். பிறகு செயினைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "புதுசு போட்டுரலாம் சார். புதுசுக்கு ஒரு வழியும் தெரியாது. நீங்க திருப்புற பக்கம் போகும்."

பல்லுக்காரர் சரியென்று வாயெடுத்தார். மனைவி ஆணியில் தொங்குகிறதைப் பார்த்தபடி, "போட்டுக்கங்க. ஆனா இதையும் தூக்கிப் போட்டுட்டா, அந்த வீட்டுக்குப் போக நமக்கு வேற சாக்கு கிடையாதுங்க" என்றாள்.

அவர் புதிய செயினைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். தடிக் கண்ணாடி என்றால் எவ்வளவு தடி என்று கடைக்காரரிடம் கேட்டார். பதில் வருவதற்குள், "பழசையே மாட்டுங்க" என்றார்.

புதன்கிழமை காலையில் பல் டப்பாக்களோடு சைக்கிள் அண்ணன் வாசலில் நின்றது. இந்தமுறை அவர் இறங்கித் திருப்பவில்லை. மணி அடித்தார். அண்ணன் வந்தார், தம்பியைப் பார்க்காமல் நேரே குனிந்து செயினில் விரலை இழுத்தார். விரலைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. இன்னொரு கண்ணியிலும் இழுத்துப் பார்த்தார்.

"யாருடா கழுவுனது?"

"அவதான்."

"கழுவிட்டா ஆச்சா? காஞ்சு கெடக்கே! இதுல எந்த வழிடா ஒட்டும்? எண்ணெய் எங்க?"

"எண்ணெய் உங்ககிட்டதானண்ணே இருக்கு."

அண்ணன் உள்ளே போய் நீளமூக்கு எண்ணெய்க் கேனோடு வந்தார். வாசலில் குந்தி, தம்பி பெடலைப் பின்பக்கம் சுற்றச் சுற்ற, கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டார். மிஞ்சிய எண்ணெயைத் துடைக்கத் துணி அகப்படாமல், அழுக்கு கண்டால் சோறு இறங்காத மனிதர் தன் சட்டை நுனியாலேயே துடைத்தார். உள்ளேயிருந்து அண்ணி, "ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காந்தா செயின் கோவிச்சுக்குமா?" என்றாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். எண்ணெய் கண்ட சைக்கிள் திருப்பிய பக்கம் போக, அன்று பற்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சைக்கிள் மற்ற வழிகளைச் சில நாளில் திரும்பக் கற்றுக்கொண்டது. மனைவி இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயினைக் கழுவுகிறாள். முதல் இரண்டு தண்ணீரோடு வழிகள் போய்விடுகின்றன. மூன்றாம் தண்ணீரின் வாசனை எந்தச் சோப்புக்கும் போவதில்லை, அவளும் அதைப் போக்க முயல்வதில்லை. மறுநாள் சைக்கிள் நேரே அண்ணன் வாசலுக்குப் போய் எண்ணெய்க்கு நிற்கும். அங்கே பலகாரமும் பேச்சும் முடிய மணி பதினொன்றாகும். முதலாளி அந்தத் திங்கட்கிழமைக்கு அவசரப் பற்களை ஏற்பதில்லை. "இன்னைக்கு கழுவின திங்கள், பல்லு மத்தியானத்துக்கு மேலதான் வரும்" என்று ஆஸ்பத்திரி நர்ஸுகள் சொன்னால், காத்திருப்பவர்கள் வெறும் வாயை மூடிக்கொண்டு சரியென்று தலையாட்டுகிறார்கள்.