சாகருக்குத் துணை

சாகருக்குப் பதினாறு வயது. அதில் பதினொரு வருஷத்தை ஒரு குதிரையேற்றப் பள்ளியில், முன்னால் போகும் இன்னொரு குதிரையின் வாலைப் பார்த்து நடந்தே கழித்தவன். பள்ளி அவனை ஓய்வுக்கு அனுப்பியபோது நாகலக்ஷ்மி வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு. வங்காளத்தில், அலிப்பூரில் அரசு வேலை. சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் தனி வாசம். அம்மா இறந்த மறுவருஷமே தம்பி பட்டாபிராமன் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டான்.

"இந்த வயசுல குதிரையா அக்கா? அதுவும் கிழக் குதிரை!" என்று போனில் சிரித்தான்.

நெடுந்தூரப் போட்டியில் சாகரை ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. நாற்பது கிலோமீட்டர், இருபது இருபதாக இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு டாக்டர் பார்ப்பார். இருபது நிமிஷத்துக்குள் இதயத்துடிப்பு அறுபத்துநாலுக்கு இறங்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான்.

"மூச்சு சீக்கிரம் பழகிடும், லக்ஷ்மிதி" என்றார் கால்நடை டாக்டர் சைதன்யா, வங்காள மொழியில். அதில் அக்காவுக்கு 'தி'. "காலுக்குத்தான் நாளாகும். மூணு மாசம் வெறும் நடை."

துர்கா பூஜை முடிந்து மழை விட்டதும் ஆரம்பித்தாள். ஊருக்கு வெளியே, ராஜர்ஹாட்டுக்கு அப்பால் ஒரு பால்காரரின் காலி மாட்டுக்கொட்டகையில் சாகரைக் கட்டியிருந்தாள். விடிந்ததும் கால்வாய்க் கரையோடு நடத்திப் போவாள். பாதி வழியில் சாகர் நின்றுவிடுவான். தலையைத் தூக்கிக் கனைப்பான். காதை விறைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பான்.

"யாரும் வரமாட்டாங்கடா. நாம ரெண்டு பேருதான்."

சொன்ன பிறகுதான், நாலு நாளாகத் தான் தமிழில் பேசவே இல்லை என்பது உறைத்தது.

ஜனவரியில் அவன் கனைப்பதை நிறுத்தினான். தனியாகப் போகப் பழகிவிட்டான் என்று அவளுக்குப் பெருமை.

பிப்ரவரியில் போட்டி. நாலாவது கிலோமீட்டரில் ஒருவன் பக்கத்தில் வந்து சேர்ந்தான். ஜெயபிரகாஷ், பவானிபூரில் மளிகைக்கடை. பாருய்ப்பூரில் ஒரு பெண்குதிரை வைத்திருந்தான். ஏறி வந்தது அதில்தான்; பெயர் ரூபா.

"தமிழா அக்கா? கூடவே வாங்க" என்றான், அவள் சாகரிடம் பேசுவதைக் கேட்டு.

சாகர் ரூபாவின் பின்னால் ஓடினான். இத்தனை மாதத்தில் அவன் காதுகள் இப்படி முன்னால் சாய்ந்து அவள் பார்த்ததில்லை. முதல் சுற்று முடிந்ததே தெரியவில்லை.

சோதனையில் ரூபா உடனே தேறினாள். ஓய்வுக்காக அவளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார்கள். அவ்வளவுதான், சாகர் கனைக்க ஆரம்பித்தான். துடிப்பு எழுபத்திரண்டு. தண்ணீர் ஊற்றினாள், கழுத்தைத் தடவினாள். எழுபது. மறுபடி எழுபத்திரண்டு.

ஜெயபிரகாஷ் ஓடிவந்தான். "ரூபாவைக் கொண்டுவந்து பக்கத்துல நிறுத்தட்டுமா அக்கா?"

"வேண்டாம்ப்பா. தனியாவே இறங்கும். நான் பழக்கியிருக்கேன்."

இறங்கவில்லை. நேரம் முடிந்தது. போட்டி டாக்டராக வந்திருந்த சைதன்யா தாளில் சாகர் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

"அவனுக்குக் களைப்பே இல்லை, லக்ஷ்மிதி. தேடறான்."

ஜெயபிரகாஷ் இரண்டாம் சுற்றை முடித்துத் திரும்பும்வரை அவள் சாகரோடு மர நிழலில் நின்றாள். ரூபா வந்ததும் சாகர் தன் மூக்கை அவள் கழுத்தில் வைத்துக்கொண்டான். சைதன்யா சும்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டு.

நாகலக்ஷ்மி ஒரு லாரிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து கேட்டாள்: "ஜெயபிரகாஷ், உன் லாயத்துல இன்னொரு இடம் இருக்கா?"

"இருக்கு அக்கா. ஆனா உங்களுக்கு ரொம்ப தூரமாச்சே?"

"தூரம் எனக்குத்தானே, அவனுக்கு இல்லையே" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் பிடித்துப் போகிறாள். முதல் வாரம் போனபோது இரண்டும் சேர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. கூப்பிட்டாள். சாகர் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஆள் தெரிந்தது போலத்தான் இருந்தது. பிறகு குனிந்து, ரூபாவின் பக்கமாக நகர்ந்து மேயத் தொடங்கினான். அவள் வேலியோரம் நின்று, வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.