சார்ஜன் செல்லன் கட்டிய கயிறு

1

இந்தக் கதை நான் தடுக்கி விழுந்ததில் தொடங்கியது. ஒரு கனவில் தொடங்கியது, ஒரு முகத்தில் தொடங்கியது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. புக்கிட் ரோத்தானைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பலகை வீட்டு வாசலில், பட்டப்பகலில், கைப்பையும் நானுமாகக் குப்புற விழுந்தோம். விழுந்ததும் வீட்டைச் சுற்றி எங்கெங்கோ பால் டின்கள் கலகலவென்று சத்தம் போட்டன.

நான் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? வயதானவர்கள் வீட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது.

(இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். அந்த வீட்டுக்காரர் சிரித்தார்.)

எங்களைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் என்பார்கள். மலேசியாவில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ஒரு சங்கம் என்னை ராசாவிலிருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் வீடு வீடாக அனுப்புகிறது. குளிப்பது, உடுத்துவது, தேத்தண்ணி கலக்குவது, கழிவறைக்குப் போய்த் திரும்புவது: இதையெல்லாம் ஒருவர் தன் வீட்டில் தானே செய்துகொள்ளும் காலத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுவது என் வேலை. இதை விளக்கிச் சொன்னதும் அவர் கேட்டார்:

"எழுவது தாண்டிப்போச்சு. இனிமே எனக்கு என்ன தொழிலு வாங்கிக் குடுக்கப் போற, மிஸ்ஸி?"

எங்கள் பக்கம் தாதியரை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். நான் தாதி இல்லை. அதைத் திருத்துவதை விட்டு வெகுநாளாயிற்று.

2

முதல் வரிக்காக நான் எழுதி அடித்தவை இவை. அப்படியே விட்டு வைக்கிறேன்.

'செம்பனை மரங்கள் படைவீரர்களைப் போல அணிவகுத்து நிற்க—'

வேண்டாம். செம்பனையைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் அதை அணிவகுக்க வைத்துவிடுகிறார்கள். மரம் பாவம், மரமாகவே நிற்கட்டும்.

'சார்ஜன் செல்லனின் கண்களில் போரின் ஆறாத—'

இதுவும் வேண்டாம். அவர் கண்களில் இருந்தது புரை. ஒன்றில் எடுத்தாயிற்று, மற்றதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

'அவர் பெயர் செல்லன்.'

இது பொய். வீட்டுக்குப் போய்ப் பார்த்தவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அதனால் செல்லன் என்று வைத்திருக்கிறேன். உயரத்தையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். படித்தால் சந்தோஷப்படுவார்.

3

செல்லன் இருபது வருடத்துக்கு மேல் தரைப்படையில் இருந்து, சார்ஜனாக, அதாவது சார்ஜண்டாக, ஓய்வு பெற்றவர். அதில் பாதி தாய்லாந்து எல்லைக் காட்டில். பொழுது சாய்வதற்குள் முகாமைச் சுற்றிக் கணுக்கால் உயரத்தில் கம்பி கட்டி, வெறும் டின்களுக்குள் கல்லைப் போட்டுத் தொங்கவிடுவார்களாம். எவன் கால் பட்டாலும் டின் கூப்பிடும். அப்புறம்தான் தூங்கப் போவார்கள்.

வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. இன்னமும் சாயங்காலமானால் அவர் தூண்டில் நரம்பில் பால் டின்களைக் கோத்து வீட்டைச் சுற்றிக் கட்டி வருகிறார். ஆனால் சர்க்கரை வியாதியில் அவருடைய பாதங்கள் மரத்துவிட்டன. கட்டியவருக்கே கட்டிய இடம் காலில் தெரிவதில்லை. இந்த வருடத்தில் தான் கட்டிய தூண்டில் நரம்பில் தானே தடுக்கி இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் தடவை நெற்றியில் தையல்.

இங்கே அவருடைய மகள் விஜயராணி வருகிறாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சுங்கை சோவில் நான்காம் மாடியில் வீடு. கதைக்கு வசதியாக இருக்குமே என்று அவளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. ஞாயிறுதோறும் சோறும் குழம்புமாக வந்து, அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிவிடுகிற பெண்ணை எப்படிக் கெடுப்பது?

அவள் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"சுத்தி வளைக்க வேணாம், மிஸ். அப்பா இங்க தனியா இருக்கலாமா கூடாதா? கூடாதுன்னு சொல்லுங்க, இன்னைக்கே கார்ல ஏத்திக்கிட்டுப் போயிடுறேன். இருக்கலாம்னு சொன்னா நம்புறேன். டாக்டரும் உங்களத்தான் கேட்கச் சொன்னாரு."

ஆக, என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் ஒரு மனிதர் வீட்டில் இருப்பாரா இல்லையா என்பது இருந்தது.

தையல் போட்ட சமயம் அவரை அந்த நான்காம் மாடியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மெத்தையை இழுத்துக்கொண்டு போய் வாசல் கதவை அடைத்துப் படுத்துக்கொண்டாராம். வேலை முடிந்து வந்த விஜயராணி தன் வீட்டுக்குள் நுழைய முடியாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆளும் பாதியாக இளைத்துவிட்டார்.

"அந்த வீட்டுக்குப் பின்பக்கமே இல்ல, மிஸ்ஸி," என்றார் செல்லன். "முன்னால கதவு, பின்னால ஆகாசம். எங்கேருந்து வருவான்னு எப்படி ஜாகா பண்றது, காவல் காக்குறது?"

"யாரு வருவாங்க, அங்கிள்?"

அவர் எனக்காகப் பரிதாபப்படுவதுபோலப் பார்த்தார். விஜயராணியிடம் மாதக் கடைசிவரை நேரம் கேட்டேன்.

4

முதலில் பாடப் புத்தகத்தில் உள்ளதைச் செய்தேன். தூண்டில் நரம்பை அறுத்து, டின்களைக் கோணியில் கட்டினேன். "ஓகே லா, மிஸ்ஸி சொன்னா சரிதான்," என்று கோணியைப் பிடித்துக்கொண்டு அவரே உதவினார். அடுத்த முறை போனபோது அவருடைய கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. படுக்கவே இல்லை. நாற்காலியைப் பின்வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறார். எனக்காக ஊற்றிய தேத்தண்ணி கப்புக்கு வெளியே போயிற்று.

ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கொன்றை விஜயராணி வாங்கி வந்து மாட்டினாள். அதன்மேல் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"லைட்டு எரிஞ்சா அவன நமக்குத் தெரியாது. நம்மளத்தான் அவனுக்குத் தெரியும்."

(குறிப்பு: பயம் நியாயமானதா என்று சிகிச்சையாளர் கேட்பதில்லை. பயப்படுகிறவரின் கையும் காலும் என்ன செய்கின்றன என்று மட்டும் பார்ப்போம். கதை எழுதுகிறவளுக்கு இது போதாது. ஏன், எப்போது, யாரால் என்று நோண்டிக்கொண்டே இருப்பாள். ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதால் எனக்கு இடுப்பு வலிக்கிறது.)

5

ஒருநாள் அவரைத் தேத்தண்ணி கலக்கச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன். இதுவும் எங்கள் வேலையில் ஒரு சோதனை. தண்ணீர் பிடிப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, சூடான கப்போடு நடப்பது என்று ஒரு மனிதரைப் பற்றி எல்லாம் அதில் தெரிந்துவிடும். அடுப்பிலிருந்து மேசைக்கு வரும்போது அவருடைய இடது கை இடுப்பு உயரத்தில், கட்டைவிரல் மடங்க, இல்லாத எதன்மீதோ வழுக்கிக்கொண்டு வந்தது.

"கையில என்ன, அங்கிள்?"

வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "பிரம்பு," என்றார்.

முகாமில் விளக்கு கூடாது. குடிசையிலிருந்து காவல் நிற்கும் இடத்துக்குப் பிரம்புக் கொடியைக் கை உயரத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். தன் உள்ளங்கையே தனக்குத் தெரியாத இருட்டில் அதைப் பிடித்துக்கொண்டு போய், அதைப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். கையை விட்டவன் காட்டுக்குச் சொந்தம்.

(மலாயில் ரோத்தான் என்றால் பிரம்பு. ஊருக்கும் புக்கிட் ரோத்தான் என்று பெயர். இரண்டையும் முடிச்சுப் போட்டு அழகாக ஒரு வாக்கியம் எழுதினேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

கோலசிலாங்கூரில் தடித்த வெள்ளைக் கயிறு வாங்கினேன். கட்டிலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து பின்வாசல் வழியாக வெளியே இருக்கும் கழிவறைக்கு, இடுப்பு உயரத்தில் இறுக்கிக் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டச் சொன்னேன். அவர் மூடினார். பின்னால் நானும் மூடிக்கொண்டேன்.

அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன். மத்தியானம், மழைக்கு முந்திய புழுக்கம். கயிறு உள்ளங்கையில் மெல்ல ஓடியது. நாலு எட்டில் தாண்ட வேண்டிய சமையலறை முடியவே இல்லை. ஓலைகள் உரசும் சத்தம் கூரைக்கு மேலே இருந்து காதுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு காலுக்குக் கீழிருந்து வந்தது. நாங்கள் கீழே இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. முன்னால் போகிறவரின் மூச்சு ஒரு இளைஞனின் மூச்சாக இருந்தது. பயமே இல்லை. இப்படியே நடந்தால் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடலாம் என்றிருந்தது. "கக்கூசு வந்துருச்சு, மிஸ்ஸி," என்றார் அவர். கண்ணைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு அவர் விழவில்லை. கால் வீக்கம் வடிந்தது. டின்களைக் கேட்கவில்லை. விஜயராணியிடம் 'இருக்கலாம்' என்று சொல்ல நான் தயாரானேன். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஒருமுறை முடித்தும்விட்டேன். காயப்பட்ட வீரர், கெட்டிக்காரப் பெண், ஒரு கயிறு. படித்துப் பார்த்துவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு, மாதக் கடைசியில் போய்ப் பார்த்தேன்.

6

வீடு திறந்து கிடந்தது. கட்டில் காலி. அடுப்பில் கெட்டில் சுட்டது.

என் வெள்ளைக் கயிறு கழிவறைத் தூணில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே தூணிலிருந்து நீல நைலான் கயிறொன்று கிளம்பி, முதல் செம்பனையைச் சுற்றி, அடுத்த மரத்துக்குப் போயிருந்தது. அதற்கடுத்து கிழித்து முறுக்கிய கைலித் துணி. பிறகு பழைய மின்சார ஒயர். முடிச்சுகள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் இரண்டு மரம் மூன்று மரமாக அவர் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். உள்ளே போகப் போக வெயில் பச்சையாக மாறியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த வழிபோலவே தெரிந்தது. தோட்டத்து டிராக்டரின் சத்தம் வேறு ஏதோ வருடத்திலிருந்து வருவதுபோல இருந்தது. "அங்கிள்!" என்று கூப்பிட்டேன். என் குரல் பக்கத்து மரத்தைக்கூட எட்டவில்லை.

பிறகு கயிறு ஒரு கால்வாயைத் தாண்டியது. ஆழமான கால்வாய். மேலே ஒற்றைப் பலகை, பலகையெல்லாம் பாசி. மரத்துப்போன பாதங்களோடு ஒருவர் இதில் நடக்கிறார். 'கூடாது' என்று என் படிப்பு அங்கேயே சொல்லிவிட்டது. கயிற்றை அவர் கையில் கொடுத்தது நான்தானே.

கயிற்றின் மறுமுனையில் என்ன இருந்தது? நான் எழுதிப் பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: காட்டில் செத்த நண்பன் ஒருவனுக்காக அவர் நட்டு வைத்த கல். அப்படியொரு நண்பனைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. நானே ஒருவனை உண்டாக்கி, பெயர் வைத்து, சாகடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழித்தேன்.

இன்னொன்று: ஒன்றுமே இல்லை. கயிறு காற்றில் தொங்குகிறது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அப்படி இல்லை.

இன்னொன்று: 'கால்வாய்த் தண்ணீரில் ஒற்றைச் செருப்பு—'

இதை என்னால் எழுத முடியாது.

7

இருந்தது இதுதான்.

கடைசி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் செல்லன். தலை தோளில் சாய்ந்து, வாய் திறந்து, கயிற்றின் நுனி கையில் இருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஓலைத் துணுக்குகள் விழுந்து கிடந்தன. ஒரு எறும்பு முழங்கையில் ஏறி இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை.

இத்தனை நாளில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. கட்டிலில், கதவை அடைத்துக்கொண்டு, டின்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வராத தூக்கம், கூரையில்லாத இந்த இடத்தில் வந்திருந்தது. வெட்டிப் போட்ட மட்டைகளின்மேல் நானும் உட்கார்ந்தேன். எழுப்ப மனம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவரைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. விஜயராணி. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம்போல, பின்னால் தட்டுகளின் சத்தம்.

"மிஸ், இன்னைக்குப் போறேன்னு சொன்னீங்களே. அப்பா எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நெசமாவா, மிஸ்? சின்ன வயசுலேருந்து எங்கப்பா அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்ல." அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க தூங்குறாரு? கட்டில்லயா?"

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. 'ஆமாம்' என்று எழுதினால் அந்தப் பலகையும் பாசியும் அங்கேயே இருக்கும், நாளைக்கும் அவர் அதில் நடப்பார். உள்ளதை எழுதினால் ஞாயிற்றுக்கிழமை கார் வரும். அவர் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொள்வார். நான்காம் மாடியில் பத்திரமாக, கண் மூடாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டையுமே அவர்மேல் உள்ள பிரியத்தில்தான் ஒருவர் சொல்ல முடியும்.

நீங்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னோடுதானே வந்தீர்கள். பலகையைத் தாண்டினீர்கள். அவரைப் பார்த்துவிட்டீர்கள். விஜயராணி இன்னும் தொடர்பில்தான் இருக்கிறாள், சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லுங்கள். தூங்குகிறார்.