கறுத்த பொருக்கு

நாளைக்குக் கெசியாவுக்குப் பாராட்டு விழா. வாழ்த்திப் பேச வேண்டியவர் டாக்டர் ஞானசிகாமணி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

உண்ணிக் காய்ச்சல் ஆராய்ச்சிக்கென்றே ஆயுளைக் கொட்டியவர் அவர். சேரன்மகாதேவி வயற்காடு, களக்காட்டு மலையடிவாரம் என்று அலையாத இடமில்லை. உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று தட்டும். அது கண்ணில் பட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடினார். பெண்களிடம் கையையும் காலையும் பார்த்ததோடு சரி. பாளையங்கோட்டை மிஷன் வீட்டு வளர்ப்பு; அதற்குமேல் கேட்க நா எழாது. ‘பெண்களுக்குப் பொருக்கு அபூர்வம்’ என்று கட்டுரையும் எழுதிவிட்டார்.

அவரிடம் வேலை பழக வந்த கெசியா, பெண்களைத் தனியே அழைத்துப் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னாள். பாதிப் பேருக்கு அங்கேதான் இருந்தது. அவ்வளவுதான், ஜெனீவா வரைக்கும் போய் விருது வாங்கி வந்துவிட்டாள். இவருக்குக் கிடைத்தது ஓய்வுபெற்ற அன்று ஒரு சால்வை.

மேடையில் சபையறிய ஒன்றைப் போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானித்தார். அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி ஜெபகனியிடம் பேசியும் காட்டினார்.

“பெண்களிடமும் தேட வேண்டும் என்ற யோசனை என்னுடையது. கெசியாவுக்கு எடுத்துக் கொடுத்தவனே நான்!”

ஜெபகனி கத்தியைக் கீழே வைத்தாள்.

“பொய் சொல்லாதிய. ஒரு ஐப்பசியில எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“டைபாய்டு. நான்தான மருந்து தந்தேன்.”

“உங்க மருந்துல குறையவே இல்ல. உங்களப் பாக்க வந்த கெசியா, ‘அக்கா, எங்கனயாவது புண் இருக்கா’ன்னு கேட்டா. நாடாவ இறக்கிக் காட்டுனேன். அவ தந்த மாத்திரையிலதான் எந்திரிச்சேன். அவ பொம்பளைய கிட்ட பாத்த மொதப் பொருக்கு அதுதான்.”

அவர் ஊரெல்லாம் தேடியது பக்கத்துத் தலையணையில் கிடந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்து அதையும் அல்லவா தட்டிக்கொண்டு போயிருக்கிறாள்!

“ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே. ஊரு ஆம்பளைய அத்தன பேரு உடம்பையும் பாத்திய. எங்கிட்ட, எங்கன வலிக்குன்னு ஒரு வார்த்த கேட்டியளா? அந்தப் பிள்ள கேட்டா.”

‘அந்தப் பிள்ள’ என்றபோது அவள் குரல் கனிந்தது. தன்னைப் பற்றி அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. கெசியாவுக்கு விருது கிடைத்ததைவிட இதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இப்பம் எங்கயும் வலிக்கா?” என்றார்.

“இப்பம் கேட்டு என்ன செய்ய? நாளைக்கு அவள நாலு வார்த்த நல்லாச் சொல்லிட்டு வாங்க,” என்று ஜெபகனி முருங்கைக்காயை எடுத்தாள்.