குளவி இல்லாத ஓட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசவாகத்தான் கிடைத்தது. மலையழகைப் பார்த்து மனம் கசிந்து எழுத உட்கார்ந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் இங்கேயே பிறந்தவள். பனிமூட்டத்தைக் கண்டால் காயாத துணிதான் எனக்கு ஞாபகம் வரும்.

வசவு இது:

“ஏன் டீச்சர், ஒங்களுக்கு அறிவு இருக்கா? மலையில ஆளுங்க கொழுந்து எடுக்கிற நேரத்துல யாராச்சும் இப்பிடி ஓடுவாங்களா?”

திட்டியவர் சண்முகவடிவு. தேயிலைக் கொழுந்து பறிப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகவே எனக்கு வடிவக்கா. திட்டு வாங்கியவள் அனோஜா, அதாவது நான். கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். றொசல்லவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அம்மாவோடு இருந்த அதே வீட்டில் இப்போது தனியாக இருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு காரணமும் இல்லாமல், தோட்டத்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். மேலே மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்ட யாரோ ஒருத்தி “குளவி!” என்று அலறினாள்.* கூடைகள் பறந்தன. அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, உண்மையாகவே குளவி வந்துவிட்டது என்று நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். றொசல்ல ஸ்டேஷன் வாசலில்தான் நின்றேன். பின்னால் இன்னொரு மூச்சு இரைத்தது, வடிவக்கா.

“எங்க டீச்சர் குளவி?”

“நீங்கதானேக்கா கத்துனீங்க?”

“நீங்கதானே மொதல்ல ஓடுனீங்க!”

(* எங்கள் பக்கம் யாரும் சும்மா ஓடுவதில்லை. சாவுச் செய்தி, சிறுத்தை, குளவி, இதில் ஒன்று இருக்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் காரணமே இல்லை.)

2

இதற்கு வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

“தாய் இறந்த மூன்றாம் மாதம் அவள் ஓடத் தொடங்கினாள்...” இந்த ‘அவள்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

“கொட்டகலை பசாரில் புடவைக்கடை வைத்திருக்கும் செரீபாவும் நானும் ஒரே நாளில் சப்பாத்து வாங்கினோம்...” இது வடிவக்காவை யாருக்கும் அடையாளம் தெரியாமல் மறைக்கச் செய்த ஏற்பாடு. செரீபா நல்ல பெண், கலகலப்பாகப் பேசுவாள். என்ன செய்தும் கடையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஓடக் காரணம் இல்லை. அதைவிட, அந்த மலையில் அவள் இருக்கவில்லை. இந்தக் கதைக்கு அந்த மலையில் இருந்த ஒருவர்தான் வேண்டும்.

சொல்லிவிடுகிறேன். என் அம்மா டோரீன் குளவி கொட்டித்தான் இறந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அம்மாவின் முட்டி ஓடக்கூடிய முட்டி அல்ல.

பின்னேரம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போது அம்மா மேல் திருப்பத்திலேயே “அனோ!” என்று ஒரு சத்தம் போடுவார். தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவை என்று அர்த்தம். அந்த நேரம் நெருங்க நெருங்க என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. டோஹாவில் இருக்கும் தம்பி மிலான், “டிவியப் போட்டுக்கிட்டு இரு அக்கா” என்றான். போட்டுப் பார்த்தேன். டிவியில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வெளியே இறங்கி நடந்தேன். நடை போதவில்லை. அதனால்தான் ஓடினேன்.

குளவி கொட்டிச் செத்தவரின் மகள் தோட்டத்து ரோட்டில் தலைதெறிக்க ஓடுகிறாள். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள், சொல்லுங்கள்?

3

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நான் ஓடக் கிளம்பியபோது லயத்துக் கடைசியில் வடிவக்கா நின்றார். மகனுடைய பழைய டிராக் சூட், ஹட்டன் நடைபாதையில் வாங்கிய கென்வஸ் சப்பாத்து.

“தனியா ஓடுனா பாக்குறவங்களுக்குப் பயம் டீச்சர். ரெண்டு பேரு ஓடுனா பைத்தியம்னு விட்டுருவாங்க.”

அவர் சொன்னபடியே ஊர் எங்களைப் பைத்தியம் என்று விட்டுவிட்டது. முதலில் இரண்டு வளைவு. பிறகு வட்டவளை. பிறகு அதையும் தாண்டிக் கினிகத்தேனை வரை. போகும்போது இறக்கத்தில் ஓட்டம், வரும்போது பஸ். (இதை மறைத்து எழுதினால் கதை இன்னும் வீரமாக இருக்கும். வடிவக்கா வாசித்தால் சிரிப்பார்.)

ஒருநாள் ஹட்டன் பக்கமாக ஏறி ஓடினோம். பக்கத்தில் ரயிலும் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறியது. கதவில் தொங்கிய வெள்ளைக்காரர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். “டீச்சர், இவன விடக்கூடாது!” என்று வடிவக்கா பாய்ந்தார். ஏற்றத்தில் அந்த ரயிலைத் தோற்கடிக்க ஓட்டக்காரியாக இருக்க வேண்டியதில்லை. ஜெயித்தோம். ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா போய் வருஷம் திரும்பவில்லை, நான் சந்தோஷமாக இருந்தேன். அது பாவமா என்று ஃபாதரிடம் கேட்க நினைத்து, பாவம்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமல் விட்டேன்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் நான் யாரோடும் பேசுவதில்லை. பாடசாலையில் பேசுவது தொழில். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

4

இந்தப் பகுதியை நான்கு முறை

இல்லை, நேராகவே சொல்கிறேன். குளவிக் கூடு கலைந்த அன்று அம்மாவும் வடிவக்காவும் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்களில் ஒருவர் என் காதில் போட்டார். எனக்குத் தெரியும் என்று வடிவக்காவுக்கும் தெரியும். நாங்கள் எதையெதையோ பேசிக்கொண்டு ஓடினோம், இதை மட்டும் பேசவில்லை. அந்த மலைப் பக்கம் போகும் குறுக்குப் பாதையை இருவரும் பேசி வைக்காமலே தவிர்த்தோம்.

போன ஞாயிறு மண்சரிவால் கீழ் ரோட்டை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லை. அந்த மலையடியில் வடிவக்கா நின்றுவிட்டார். மேலே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கவே இல்லியே டீச்சர்.”

நல்ல கதாபாத்திரம் என்றால் இந்த இடத்தில் கேட்டிருப்பாள். நான், “சப்பாத்து நாடா அவுந்திருச்சிக்கா” என்று குனிந்துகொண்டேன். நாடா அவிழ்ந்திருக்கவில்லை.

5

ஆகவே முடிவுகளை மேசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

(அ) நான் கேட்கிறேன். “கையப் புடிச்சி இழுத்தேன் டீச்சர். என்னால முடியாதுடி, நீ ஓடு, ஒனக்குப் புள்ளைங்க இருக்குன்னாங்க.” இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறோம். எழுதி முடித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மா அப்படிப் பேசுகிறவரே அல்ல. முட்டி வலித்தால் ஊரையே திட்டுவார். என் ஆறுதலுக்காக அம்மாவைப் புனிதராக்கப் பார்த்திருக்கிறேன்.

(ஆ) நான் கேட்கிறேன். “கூப்புட்டாங்க. கேட்டுச்சி. நான் நிக்கல.” இதற்கு அடுத்த வரி [ ]

(இ) நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் ஓடுகிறோம். இதைத்தான் இத்தனை மாதமும் செய்தோம். நட்பு என்று இதற்குப் பெயர் வைக்கலாம், பயம் என்றும் வைக்கலாம்.

(ஆ)வை எழுதிவிட்டு வெகுநேரம் கோபமாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் முதல் நாள் ஞாபகம் வந்தது. என் பின்னால் ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். இல்லாத குளவிக்குப் பயந்து, றொசல்ல வரும்வரை நான் திரும்பியே பார்க்கவில்லை. அவர் விழுந்து என்னைக் கூப்பிட்டிருந்தால்? நின்றிருப்பேன் என்று எழுதலாம். நான் வரலாறு டீச்சர், ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது.

6

வாயால் கேட்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வடிவக்கா, அம்மா ஒங்களக் கூப்பிட்டாங்களா?

இன்று சனிக்கிழமை. வெயில் இருக்கும்போதே இந்தத் தாள்களைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். நாளைக் காலை, பூசை முடிந்து, வழக்கமான இடத்தில் நிற்பேன். வாசகரே, இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், அச்சில் போடலாம் என்று அவர் சம்மதித்திருக்கிறார். அவ்வளவுதான் உங்களால் சொல்ல முடியும். சம்மதிப்பது வேறு, ஓட வருவது வேறு. தாள்களை மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு.

அவர் என்ன பதில் சொன்னாலும் என்னோடு ஓட வர வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். அதை முதல் பகுதியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவும் எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. வந்தால் எழுத நேரம் இருக்காது, வராவிட்டால் தெம்பு இருக்காது. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் வரவில்லை என்று முடிப்பதாக இருந்தால், நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாக எழுதிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பார்த்து நின்றாள், பிறகு தனியாகவே ஓடினாள் என்று எழுதுங்கள்.