நோரினுக்கு நான் கொடுத்த வார்த்தைகள்

டெஸ்மண்ட் சிறைக்குப் போன இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோரின் என் வீட்டுப் பின்கதவைத் தட்டினாள். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பித் துறைமுகத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு. மீன் ஆலையிலும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று முள்ளெடுப்போம். கையில் அவள் கணவன் டெஸ்மண்டுக்கு எழுதிய கடிதம் இருந்தது. அவன் அதைத் திருப்பி அனுப்பியிருந்தான். 'நீ வரும் நாளை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்' என்று அவள் முடித்திருந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தான்: 'இது பேங்க் மேனேஜருக்கு எழுதுறது. பொண்டாட்டி எழுதுறதா இது?'

"வேற எப்படி எழுதறது, வின்னி?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆலையில் பிறந்தநாள் அட்டையோ இரங்கல் அட்டையோ, ஒரு நல்ல வரி வேண்டுமென்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஆசையையும் அவசரத்தையும் சொல்ல எங்கள் பேச்சில் வார்த்தைக்கா பஞ்சம்? பேருந்து ஐந்து நிமிடம் பிந்தினால் பைத்தியமே பிடிக்கிறது என்போம். சனிக்கிழமை நடனத்துக்குச் செத்துக்கொண்டிருக்கிறோம் என்போம். யாரும் செத்ததில்லை.

"நாளை எண்ணிக்கிட்டே இருக்கேன்னு எழுதுடி," என்றேன்.

அவள் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள், வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதும் பிள்ளையைப் போல.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். நானும் அதில் ருசி கண்டுவிட்டேன். தேநீர் இடைவேளையில் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். 'இருப்புக்கொள்ளல', 'கால் தரையில பாவல', 'உன் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டிருக்கேன்' என்று ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பார்கள். மேசையே சிரிப்பில் குலுங்கும். நோரினும் சிரிப்பாள். வீட்டுக்குப் போகுமுன் மறந்துவிடாமல் இருக்க, நான் அவற்றை மீன் பெட்டிச் சீட்டுகளின் பின்னால் எழுதிக் கொடுப்பேன். வெட்கத்தால்தான் அவளுக்குச் சொந்தமாக எழுத வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதுக்கடை வாசலில் ஒருவனை அடித்து, அவன் ஒரு கண்ணைப் போக்கியதற்காக டெஸ்மண்டுக்கு ஐந்து வருடம் கொடுத்திருந்தார்கள். குடி செய்த வேலை, ஆள் நல்லவன்தான் என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன். அவன் உள்ளே போன பிறகு நோரின் கொஞ்சம் சதை போட்டாள். முன்கதவுக்குத் தானே மஞ்சள் வண்ணம் அடித்தாள். இப்போதெல்லாம் கட்டிலின் நடுவில் படுத்துத் தூங்குவதாக ஒருநாள் என்னிடம் சொன்னாள். யாருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்ததுபோல் அதைச் சொன்னாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

நான்காம் வருடம் டெஸ்மண்ட் பரோல் கேட்டான். மனைவி எவ்வளவு ஏங்குகிறாள் என்பதற்குச் சாட்சியாகக் கடிதக் கட்டு முழுவதையும் அதிகாரிகளிடம் கொடுத்தான். வீட்டைப் பார்த்துப் போக நன்னடத்தை அதிகாரி பிக்கர்ஸ்கில் வந்தார். துணைக்கு இருக்கச் சொல்லி நோரின் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அவர் மரியாதையாகவே கேட்டார்: கடிதங்களைப் படித்தேன், அவன் வருவதில் உங்களுக்குத் தயக்கம் ஏதும் உண்டா?

நோரின் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல வார்த்தை கேட்கிறாள் என்றே நான் நினைத்தேன்.

"தயக்கமா? அவளுக்கு ஒரு நிமிஷம் பொறுக்கல சார்," என்றேன்.

நோரின் தலையசைத்தாள். அவர் குறித்துக்கொண்டார்.

நவம்பரில், தண்டனை முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கும்போதே, டெஸ்மண்ட் வீட்டுக்கு வந்தான். முதல் வாரம் தெருவில் எல்லோருக்கும் கை கொடுத்தான். இரண்டாம் வாரம் நோரின் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் வேலைக்கு வந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் அவன் குரல் மட்டும் கேட்கும். கடிதத்தில் எழுதினாயே, இப்போது வாயால் சொல், சொல்லிக் காட்டு என்பான். அவள் குரல் கேட்காது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, ஆனாலும் அதைத்தான் செய்தேன்.

மூன்றாவது வாரம் சமையலறை இழுப்பறையில் என் கையெழுத்துச் சீட்டுகள் அவனுக்குக் கிடைத்தன. அன்று அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான்.

பனியில் வழுக்கி விழுந்தேன் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தாள். நான் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்மேல கோபமில்ல வின்னி. ரெண்டு வருஷம் எனக்கு எத்தனை வார்த்தை குடுத்திருப்ப. அவன் வரணும்னு உனக்கு இருக்காடின்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

அங்கிருந்து நேராக பிக்கர்ஸ்கில்லின் அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கடிதங்களில் ஒரு சொல்லும் அவளுடையதல்ல, எல்லாம் என்னுடையவை, அவள் கையை நசுக்கியது அவன்தான் என்றேன். பேனாவை வைத்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவள் வாயால் சொன்னால்தான் ஆகும் என்றார். இரண்டு நாள் கழித்து நோரின் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மூன்றே வாக்கியம். டெஸ்மண்டை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள்.

அவள் கைவிரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கத்தி பிடிக்க முடியாதென்று ஆலையில் கணக்கு முடித்து அனுப்பினார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அடுத்த வீட்டு ஜன்னலில் திரைச்சீலை இல்லை. எங்கே போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான்.

தண்டனை முடிந்து வந்த டெஸ்மண்ட் ஒரு மத்தியானம் என் வாசலில் நின்றான். இளைத்திருந்தான். அவள் எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் திரும்பி இரண்டடி வைத்தான். பிறகு நின்றான்.

"எல்லாமே நீ எழுதுனதுதானா? ஒண்ணுகூட அவ சொன்னதில்லையா?"

"முதல்ல நீ அடிச்சுத் திருப்பி அனுப்புனியே, அது அவ எழுதுனது," என்றேன்.

அவள் எழுதியதுதான், ஆனால் அந்த வரியும் உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தான். நான் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.