தோற்கிறவன் கேட்கக் கூடாது

நூர் பாஷாவுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை அவருடையது. மனைவி ஹமீதுன்னிசா மௌத்தாகி, மகளையும் பெங்களூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சுத்துணை ரேடியோ மட்டும்தான். அது பேசும், பதில் சொல்லாது.

பதில் சொல்ல ஒரே ஒரு ஆள் தருமபுரியில் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியநாயகம். எண்பத்தாறில் நடந்த செஸ் போட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது கரண்டு போய்விட்டது. மீதி ஆட்டத்தைப் பஸ்ஸில் ஆடினார்கள். சேலம் பஸ் கண்டக்டர் முனிராஜ் அங்கிருந்து ஒரு நகர்த்தலை வாய்ச்சொல்லாகக் கொண்டுவருவார், திரும்பும்போது இங்கிருந்து ஒன்றை வாங்கிப் போவார். ஒன்று முடிந்தால் அடுத்த ஆட்டம்.

சட்டம் போட்டவர் நூர் பாஷா. டிரா ஒரு தரம்தான் கேட்கலாம், நச்சரிக்கக் கூடாது. தோற்கிறவன் கேட்கவே கூடாது. காரணம் சொல்லக் கூடாது. சொல்லிக் கேட்டால் அதற்குப் பெயர் பிச்சை. பெரியநாயகம் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

இந்தத் தடவை ஆட்டம் நூர் பாஷாவின் கையை விட்டுப் போயிருந்தது. விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர்போல ஆடிக்கொண்டிருந்தார்.

“பாய், சாரோட சிப்பாய் ஏழாங்கட்டத்துக்கு வந்துருச்சுங்க” என்றார் முனிராஜ். “அதோட, டிரா கேக்குறாருங்க.”

இன்னும் ஒரு கட்டம் போனால் அந்தச் சிப்பாய் ராணி. ஜெயிக்கிறவன் டிரா கொடுக்கிறானாம்! பெண்டாட்டி போனவன், பாவம் என்றா?

“எதுக்காம்?”

“காரணம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

“பாய்க்குப் பிச்சை வேணாம்னு சொல்லு. ராஜா ஒரு கட்டம் பின்னாடி.”

மறுநாள் பஸ் வந்தது, நகர்த்தல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் டயரை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். பெரியநாயகம் கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தார். கடைசியில் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு முனிராஜிடம் கேட்டார்.

“சார் கடையக் காலி பண்ணிட்டாருங்க பாய். கண்ணு மங்கிப்போச்சு, வாட்ச் முள்ளே தெரியலையாம். மக வந்து கோலாருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்கள ஜெயிச்சுட்டுப் போக அவருக்கு மனசு வரலைங்க.”

“வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா பாய் எனக்குப் பாவம் பாப்பாரு, அது மருவாதி இல்லைன்னாருங்க.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நூர் பாஷா கடைக்குள் போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்து ஸ்டூல் எப்போதும் காலிதான். அன்றைக்குத்தான் அது அவருக்குக் காலியாகத் தெரிந்தது.

மறுநாள் காலை நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார்.

“கோலார் பஸ் கண்டக்டரு யாரையாச்சும் தெரியுமா முனிராஜு?”

“தெரியுமுங்க.”

“நான் டிரா கேக்குறேன்னு சொல்லி வுடு.”

“தோக்குறவங்க கேக்கக் கூடாதுங்களே பாய்?”

பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கேக்குறேன். காரணத்தையும் சொல்லு. எனக்கு இங்க யாருமில்லைன்னு சொல்லு.”

முனிராஜ் விசிலை வாய்வரை கொண்டுபோய், ஊதாமல் நின்றார். “அவருக்குத்தான் கண்ணு தெரியலைங்களே பாய்.”

“இத்தன நாளும் கண்ணால பாத்தா ஆடுனோம்? காதால கேட்டுத்தானே ஆடுனோம். அடுத்த ஆட்டத்துல மொதக் காயை அவரையே நகர்த்தச் சொல்லு.”