தாஜ்மகாலுக்கு முன்னால் ஒரு சந்து

1

இந்தக் கதை நடந்ததை நான் பார்க்கவில்லை. பெங்களூரு கோர்ட் கேண்டீனில் பக்கத்து மேசை வக்கீல் யாரிடமோ சொல்ல, காபி ஆறும்வரை ஒட்டுக்கேட்டேன். அடுத்தவர் சொல்லக் கேட்டதைக் கோர்ட் லேசில் சாட்சியமாக ஏற்காது. ஆகவே, வாசகரே, தொடக்கத்திலேயே என் கேஸ் கொஞ்சம் பலவீனம்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆஸ்டின் டவுன் கூரைகளின் மீது மழை மெல்ல...’

வேண்டாம். மழைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

2

ஆஸ்டின் டவுனில் சந்திரம்மா இட்லி வண்டி வைத்திருக்கிறாள். வண்டி தெருவுக்கு வர ஒரே வழி, பக்கத்து வீட்டு டிரேவரின் சந்து. அவன் அம்மா டோரதி இருந்தவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர் போனபின் டிரேவர் கேட் போட்டுப் பூட்டிவிட்டான். வண்டி உள்ளே முடங்கியது. சந்திரம்மா கேஸ் போட்டாள்.

இருபது வருடம் தடையில்லாமல் புழங்கிய வழிக்கு உரிமை கேட்கலாம். ஆனால் புழங்கியதற்கு ரெக்கார்டு? நடந்து போனதற்கு யார் ரசீது வாங்குகிறார்கள்!

அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. மகள் ஷோபாவின் மஞ்சள் நீராட்டு வீடியோ, இருபது வருடத்துக்கும் முந்தையது. பந்தல் போட்டதே அந்தச் சந்தில்தான்.

(டிரேவரை வில்லனாக்கலாம் என்று மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வீட்டை விற்கப் பார்க்கிறான், வாங்க வருகிறவர்கள் சந்தைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இட்லியைத் தின்று வளர்ந்தவன். ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டவன்.)

3

கோர்ட்டில் வீடியோ ஓடியது. ஷோபா பந்தலில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து தாஜ்மகாலுக்கு முன்னால் மிதக்கிறாள். பிறகு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சிரிக்கிறாள்.

டிரேவரின் வக்கீல் ஸ்ரீகண்டன் எழுந்தார்.

“ஏம்மா, ஆஸ்டின் டவுன்ல தாஜ்மகால் எங்க இருக்கு?”

“அது மிக்ஸிங் சார். வீடியோக்காரரு முனியப்பன் ஒட்டுனது. நான்தான் கிராண்டா போடுங்கன்னேன்.”

“அப்போ சந்தும் ஒட்டுனதுதானே?”

“சந்தை யாராச்சும் காசு குடுத்து ஒட்டுவாங்களா சார்?”

ஜட்ஜ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.* ஆனாலும் கேள்வி நியாயமானது. பாதி ஜோடனையான ரெக்கார்டில் மீதியை எப்படி நம்புவது?

* இருமல் நான் ஒட்டியது. ஸ்ரீகண்டன் என்ற பெயரும்தான்.

4

அடுத்து டிரேவர் கூண்டில் ஏறினான். சந்திரம்மாவின் வக்கீல் மமதா வீடியோவைக் கொஞ்சம் தள்ளி ஓட்டினாள். சந்து வழியாக இட்லி வண்டியில் சோற்றுக் குண்டான் வருகிறது. ஒரு பக்கம் தள்ளுவது சந்திரம்மா. மறுபக்கம் டோரதி. கேமராவைக் கண்டதும் வெட்கப்பட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

டிரேவரிடம் அம்மாவின் போட்டோக்கள் உண்டு, எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்பார். அம்மா அசைவதை, சிரிப்பதை, அவர் போனபின் அவன் பார்த்ததே இல்லை.

அவன் கூண்டிலிருந்து திரையை நோக்கிச் சாய்ந்தான். சந்திரம்மாவுக்குக் கேஸ் மறந்தே போயிற்று. அய்யோ, பையனுக்கு இந்த வீடியோவை முன்னாடியே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

“இது யாரு, சொல்லுங்க டிரேவர்,” என்றாள் மமதா.

5

ஒரு முடிவு: டிரேவர் ‘அதுவும் மிக்ஸிங்’ என்கிறான். அவன் பக்கம் ஜெயிக்கிறது, அம்மா பொய்யாகிப் போகிறார். இதை எழுதினேன். கை கூசியது, அடித்துவிட்டேன்.

‘எங்கம்மா’ என்கிறான். உடனே ஸ்ரீகண்டன், “அது பழக்கத்துக்காக அனுமதிச்ச வழி, உரிமை ஆகாது” என்று எழுந்து நிற்க, கேஸ் இன்னும் பல வருடம் இழு... இது ரொம்பவே நிஜம். இதையும் விட்டுவிட்டேன்.

உண்மையில் அவன் என்ன சொன்னான்? அந்த நேரம் பார்த்துக் கேண்டீனில் சட்னி அரைக்க ஆரம்பித்தார்கள். சத்தம் நின்றபோது காதில் விழுந்தது டிரேவர் ஜட்ஜிடம் சொன்ன ஒரே வரி:

“பதில் சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஸ்வல்ப பின்னாடி தள்ளி, இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க.”

ரிமோட் இனி உங்கள் கையில். தாஜ்மகாலை வேண்டுமானால் வேகமாக ஓட்டிவிடுங்கள். டோரதி வரும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள், அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.